செருப்பை ஓங்கிய தேவி

கேள்வி: பண்டைய கிரேக்க உலகத்து வணிகர்கள் சாமி பெயரில் சங்கம் வைத்திருந்தார்களாமே? சரக்கு விற்க வந்தவர்களுக்குப் பக்தி எதற்கு? வியாபாரத்துக்குப் போட்ட வேஷம்தானே?

பதில்: 'வேஷம்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! அடுத்தவர் கும்பிடுவதை இந்தச் சொல்லால் யார் அடித்தாலும் நான் சும்மா விடுவதில்லை. இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு அது தெரியும்.

கி.மு. 333-ல் சைப்ரஸ் தீவின் கிடியோன் ஊர் வணிகர்கள் ஏதென்ஸ் மக்கள் சபையிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி தேவிக்குக் கோயில் கட்ட நிலம் வாங்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான். சபை தனியாக உரிமை கொடுத்தாலொழிய வெளியூர்க்காரர் ஏதென்ஸில் நிலம் வாங்க முடியாது. எத்தனை வருடம் இருந்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும் வாடகை வீடுதான். எகிப்தியர்கள் ஏற்கெனவே தங்கள் தேவி ஐசிஸின் கோயிலுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். ஏதென்ஸ் அரசியல் தலைவர் லைகர்கஸ் முன்மொழிந்தார், இவர்களுக்கும் கிடைத்தது. பிழைக்க வந்த ஊரில் தன் சாமிக்கு ஓர் இடம் கேட்பது வேஷமா?

அப்புறம், கடன். ஏதென்ஸின் பேர்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் வரும் ஒரு வழக்குரையில் கடல் கடன் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. 3,000 ஜாடி ஒயின் ஏற்ற 3,000 திராக்மா (அந்தக் காலத்து வெள்ளிக் காசு). ஆயிரத்துக்கு 225 வட்டி; பருவம் தப்பிப் புறப்பட்டால் 300. சரக்கு கடலோடு போனால் கடனும் போச்சு. இவ்வளவு ஆபத்தில் பணம் போடுகிறவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? ஆளையும் அவர் ஊரையும் பார்த்துத்தான். அந்த வழக்குரையே, 'ஃபசேலிஸ் ஊர்க்காரர்கள் கடன் வாங்குவதில் கெட்டிக்காரர்கள், கொடுக்கும்போது மறந்துவிடுவார்கள்' என்ற பாணியில் ஊரைச் சேர்த்து ஏசித்தான் ஆரம்பிக்கிறது. ஒருவன் ஏமாற்றினால் ஊருக்கே கெட்ட பேர். அந்தப் பேரைக் காக்க ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டும். என் கணக்கில் சங்கம் பிறந்தது அங்கேதான்.

கிரேக்கத் தீவான டீலோஸில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். கி.மு. 166-ல் ரோம் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கி ஏதென்ஸிடம் கொடுத்தது. இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்து வணிகர்கள் அங்கே ஹெராக்ளிஸ் என்ற தெய்வத்தின் பெயரில் சங்கம் வைத்தார்கள். கோயிலுக்கு இடம் கேட்டு ஏதென்ஸுக்குத் தூது போன உறுப்பினர் பாட்ரோனுக்கு ஆண்டுதோறும் தங்கக் கிரீடம் சூட்டவும், அவரிடம் சந்தா வாங்காமல் இருக்கவும் தீர்மானம் போட்டார்கள். சந்தா கட்டிச் சலித்த யாருக்கும் கிரீடத்தைவிட இரண்டாவது மரியாதைதான் பெரிதாகப் படும்.

அதே தீவில் பெய்ரூட்காரர்களின் சங்கம் கடல் தெய்வம் பொசைடன் பெயரில். வணிகர்கள், கப்பல்காரர்கள், கிட்டங்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அந்தச் சங்கக் கட்டடத்தில் கிடைத்த பளிங்குச் சிலையைப் பாருங்கள், உங்கள் சந்தேகம் தீரும். குளித்துவிட்டு நிற்கிற அஃப்ரோடைட்டியை ஆட்டுக்காலும் கொம்பும் உள்ள காட்டுத் தெய்வம் பான் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் கும்பிடவில்லை, அலறவில்லை. ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டாள்! தோளுக்கு மேலே அவள் மகன் குட்டி ஈரோஸ் சிரித்துக்கொண்டே பானின் கொம்பைப் பிடித்துத் தள்ளுகிறான். டியோனிசியோஸ் என்ற பெய்ரூட்காரர் தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் 'தன் முன்னோர் தெய்வங்களுக்கு' இதைக் கொடுத்ததாகப் பீடத்தில் எழுதியிருக்கிறது. வேஷம் போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்ட சாந்தமான சிலையைத்தான் வைப்பார். தெய்வத்தோடு இவ்வளவு உரிமையாகச் சிரிக்க, அந்தத் தெய்வம் வீட்டு மனுஷியாக இருக்க வேண்டும்.

சரி, இவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதே டீலோஸ் ஒரே நாளில் பத்தாயிரக்கணக்கில் அடிமைகளை வாங்கி அனுப்பக்கூடிய சந்தை என்று பண்டைய புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். 'வணிகனே, கப்பலைக் கட்டு, சரக்கை இறக்கு, எல்லாம் விற்றாயிற்று' என்று அந்தச் சந்தையைப் பற்றிப் பழமொழியே இருந்ததாம். அந்தச் சரக்கு மனிதர்கள். கோயிலுக்கு வந்த பணத்தில் இது எவ்வளவு என்று கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

அதே தீவில் கொம்பெடாலியஸ்தாய் என்று இன்னொரு குழுவும் இருந்தது. இத்தாலியர்களிடம் இருந்த அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து, தெருமுனைக் காவல் தெய்வங்களைக் கும்பிட வைத்த குழு. துறைமுகத்தை ஒட்டிய முற்றத்தில் அவர்கள் நட்ட கல்லில் அவர்களுடைய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.