கையெழுத்துப் போட யார் வந்திருக்கீங்க?

அன்புள்ள சார்,

போன மாதம் பைபாஸில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒரு பையனை ஆட்டோவில் ஏற்றித் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நினைவே இல்லை. சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் முடியாது என்றார்கள். கடைசியில் 'நண்பர்' என்று எழுதி நானே போட்டேன். பையன் பிழைத்துவிட்டான். ஆனால், நாளைக்கு ஏதாவது கேஸ் என்றால் நான் மாட்டுவேனா?

செ., விழுப்புரம்

அன்புள்ள செ.,

கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக மாட்ட மாட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அந்த 'நண்பர்'தான் கொஞ்சம் உதைக்கிறது. அடுத்த முறை 'கொண்டுவந்து சேர்த்தவர்' என்று எழுதுங்கள், பில்லுக்குப் பொறுப்பேற்கிறேன் என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உண்மையில் அந்தக் கையெழுத்தே தேவையில்லை. உயிருக்கு ஆபத்து, ஆளுக்கு நினைவில்லை, சம்மதம் சொல்ல வேண்டியவர் வந்து சேர நேரமில்லை என்றால் நல்லெண்ணத்தோடு சிகிச்சை தரும் டாக்டரைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 92ஆம் பிரிவு காப்பாற்றியது, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடிக்க, அருகிலிருந்த மருத்துவமனை போலீஸ் கேஸ் என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோனார். அதை வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், முதலில் உயிர், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொன்னது.

ஆனால் இந்தச் சலுகை ஆபத்துக்கு மட்டும்தான், வசதிக்கு இல்லை. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கென்று மயக்க மருந்து வாங்கிப் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவசரம் எதுவும் இல்லை, எழுந்த பிறகு அவரையே கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு 25,000 ரூபாய். ஆமாம், அவ்வளவுதான்.

நோயாளியை விட்டுவிட்டுச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குவதை நம்மூரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மனுஷர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் படிவத்தை மடித்துக் கையெழுத்துக் கோடு மட்டும் தெரியும்படி என்னிடம் நீட்டினார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தி, "ஏம்ப்பா, அறுக்கப்போறது எனக்குத்தானே?" என்றார்.