மனு ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

கேள்வி: செட்டிநாட்டில் பூட்டியிருந்த எங்கள் பூர்வீக வீட்டில், பின்கட்டுக் கதவை உடைத்து வெள்ளி, பித்தளைச் சாமான்களைக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, ‘பங்காளிகளுக்குள் பேசிப் பாருங்கள்’ என்கிறார்கள். மூன்று வாரமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கையிலிருப்பது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். கதவை உடைத்துத் திருடியதாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு என்றால் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது. ‘பங்காளி’ என்ற சொல் அங்கே வந்து விழுவது அதனால்தான். துப்புத் துலங்காத வழக்கைக் கணக்கில் ஏற்ற எந்த ஸ்டேஷனுக்கும் மனம் வராது என்பதும் உண்மை.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதுங்கள். பாகப் பிரச்சினை பற்றி ஒரு வரியும் வேண்டாம். வீட்டைக் கடைசியாகப் பூட்டிய தேதி, உடைந்தது எந்தக் கட்டுக் கதவு, தாழ்ப்பாளா நிலையா என்பதை எழுதுங்கள். ‘பித்தளை அண்டா 2’ என்று எழுதினால் நாளை பொருள் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது. விளிம்பில் வெட்டியிருக்கும் விலாச எழுத்துகளை (குடும்பத்தின் முதலெழுத்துகளை) அப்படியே குறிப்பிட்டு, பழைய கல்யாணப் போட்டோவில் அந்தப் பாத்திரம் தெரிந்தால் அதையும் இணையுங்கள். ஆதாரமில்லாமல் வாட்ச்மேன் பெயரைச் சந்தேகத்துக்குரியவராக எழுதாதீர்கள். முதல் அடி அவருக்குத்தான் விழும்.

அப்போதும் அசையவில்லையா? பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை எஸ்.பி.; பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை. இதில் பலர் தவறிவிடுகிறார்கள். அதற்கும் பலனில்லை என்றால் 175(3)-இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிரமாணப் பத்திரம் கட்டாயம், சி.எஸ்.ஆர்., எஸ்.பி. மனு, தபால் ரசீது மூன்றின் நகலும் வையுங்கள். எஸ்.பி.யைத் தாண்டி நேராகப் போனால் மனு நிற்காது.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் நகலை இலவசமாகத் தரவேண்டும். வாங்கியவுடன் பிரிவுகளைப் பாருங்கள்: பி.என்.எஸ். என்கிற தண்டனைச் சட்டத்தின் 331 (வீடு உடைத்து நுழைதல்), 305 (வீட்டுக்குள் திருட்டு) இரண்டும் இருக்கவேண்டும். சாதாரணத் திருட்டுக்கான 303 மட்டும் இருந்தால், கதவு உடைந்த விவரம் எங்கே போயிற்று என்று எழுத்திலேயே கேளுங்கள்.