வாசகர் கேள்வி – பதில்: புதிய வடிவமைப்புத் தலைவர் வந்தால் சொகுசு காரில் என்ன மாறும்?

2024-ஆம் ஆண்டில் ஆடி நிறுவனத்துக்கு மாசிமோ ஃப்ராஸ்செல்லாவும் ரோல்ஸ் ராய்ஸுக்கு டோமகோய் டுகெச்சும் வடிவமைப்புத் தலைவர்களாக வந்தார்கள். இத்தகைய மாற்றங்களால் கார்களின் தோற்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புதிய தலைவர் பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே வெளிவரும் காரை அவருடைய கார் என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. ஒரு காரின் முதல் கோட்டோவியம் தொடங்கி அது விற்பனைக்கு வந்து நிற்கும் வரை பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதிலும் வெளித்தோற்றம் முடிவாகி, உலோகத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைச் செய்யச் சொல்லிவிட்டால், அதன் பிறகு யார் வந்தாலும் பெரிதாக எதையும் தொட முடியாது. தொட்டால் செலவு எகிறிவிடும். ஆகவே புதியவர் வந்த முதல் சில ஆண்டுகளில் மேடையில் திரை விலக்கப்படும் கார்கள் எல்லாம் முன்னவர் விட்டுச் சென்றவையே.

ஜாகுவாருக்கு 1999-ல் இயன் கேலம் வந்தார். 1968-ல் வந்த தன் முதல் எக்ஸ்ஜே காரின் சாயலை ஜாகுவார் அப்போதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாயலை உதறிய எக்ஸ்எஃப் கார் 2007-ல்தான் வெளிவந்தது. எக்ஸ்ஜேயே முற்றிலும் புது உருவம் பெற்றது 2009-ல். ஒருவர் நினைத்தது முழுமையாகத் தெருவுக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

விரைவில் வருவது, யோசனையைக் காட்டுவதற்காகவே செய்யப்படும் கான்செப்ட் கார்தான். அது விற்பனைக்கானது அல்ல என்பதால் தொழிற்சாலையின் கட்டுப்பாடுகள் அதற்குக் குறைவு. ஃப்ராஸ்செல்லா வந்து ஓராண்டு கடந்ததும், 2025 செப்டம்பரில், ஆடி தன் கான்செப்ட் சி காரைக் காட்டியது அப்படித்தான். கான்செப்ட் காரைத் தலைவரின் வாக்குறுதியாகப் படிக்கலாம். அவருடைய சாதனையாகக் கணக்கில் வைக்க வேண்டாம்.

கேள்வி: தலைவரே உட்கார்ந்து காரை வரைவாரா?

பெரும்பாலும் வரைவதில்லை. அவர் நன்றாக வரையத் தெரிந்தவராகவே இருப்பார்; ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்த பிறகு அவருடைய முதன்மையான வேலை தேர்ந்தெடுப்பது. ஒரே காருக்குப் பல வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு வரைவார்கள். நிறுவனம் பெரியதென்றால் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் அதன் ஸ்டூடியோக்களும் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளும். எது பிழைக்க வேண்டும், எது கைவிடப்பட வேண்டும் என்று தலைவர் சொல்கிறார்.

தேறிய சில யோசனைகள் முழு அளவுக் களிமண் மாதிரிகளாகும். இந்தக் களிமண், மெழுகு கலந்து தொழிற்சாலையில் தயாரிக்கப்படுவது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வரை அடுப்பில் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். நுரைப் பலகையால் அமைத்த உடலின் மேல் இதை அப்பி, கணினி தரும் அளவுகளின்படி இயந்திரம் செதுக்கித் தள்ளிய பிறகு, கைவினைஞர்கள் சுரண்டிகளாலும் வளைந்துகொடுக்கும் எஃகுத் தகடுகளாலும் இழுத்து இழுத்து வழவழப்பாக்குவார்கள். இடப்பக்கத்தில் ஒரு வடிவத்தையும் வலப்பக்கத்தில் இன்னொரு வடிவத்தையும் ஒரே மாதிரியில் செய்து ஒப்பிடுவதும் உண்டு. பிறகு மேலே பளபளப்பான மெல்லிய படலத்தை ஒட்டி, திறந்த முற்றத்துக்குத் தள்ளிச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறுத்துவார்கள்.

அங்கே தலைவர் சுற்றிச் சுற்றி வந்து உற்றுப் பார்ப்பது அந்த உடலின் மேல் விழுந்து ஓடும் ஒளியை. முன்சக்கரத்தின் மேலிருந்து புறப்படும் ஒளிக்கோடு கதவுகளைத் தாண்டிப் பின்சக்கரத்தின் தோள்வரை தடையின்றிப் போகிறதா, நடுவில் நெளிகிறதா என்று பார்த்து, ஒரு மடிப்பை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தச் சொல்லுவார். கேட்பவருக்கு இது மிகை என்று தோன்றலாம். ஆனால் ஐந்து மீட்டர் நீளமுள்ள காரில் அந்த ஒரு மில்லிமீட்டர் ஒளியை உடைத்துவிடும். விலை உயர்ந்த காருக்கும் மற்ற காருக்கும் இடையே கண் உணரும் வேறுபாட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

அவருடைய இன்னொரு வேலை வாதாடுவது. பாதசாரி மோதினால் தலையில் பலத்த காயம் ஏற்படாதிருக்க பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே இடம் விடச் சொல்கின்றன விதிகள். அதனால் பானெட் உயர்கிறது. பின்னிருக்கையில் தலைக்கு மேல் இடம் வேண்டும் என்கிறார் ஒருவர். காற்றுத் தடை குறைய வேண்டும் என்கிறார் மற்றொருவர். 2003-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் பேன்டமின் வெளித்தோற்றத்தை மாரெக் ஜோர்ஜெவிச் வடிவமைத்தார். வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் இயன் கேமரன். உடலின் உயரம் சக்கரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்ற பழைய ரோல்ஸ் ராய்ஸ் அளவை அந்தக் கார் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய சக்கரம், அவ்வளவு நீண்ட பானெட், முன்சக்கரத்துக்கு முன்னால் மிகக் குறைந்த நீட்சி ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்துவிடலாம். பொறியாளர்களும் நிர்வாகமும் ஒப்புக்கொண்டால்தான் அவை தொழிற்சாலைக்குள் நுழையும். அந்த ஒப்புதலை வாங்கித் தரும் இடத்தில் நிற்பவர் தலைவர்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் வெறுக்கும் வடிவத்தை ஒரு தலைவர் திணிக்கலாமா? பிஎம்டபிள்யூவில் கிறிஸ் பேங்கிள் செய்தது சரியா?

அமெரிக்கரான பேங்கிள் 1992-ல் பிஎம்டபிள்யூவின் வடிவமைப்புத் தலைவரானார். முதல் சில ஆண்டுகளில் வந்த கார்கள் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. 1998-ல் வந்த 3 சீரிஸை இன்றும் பலர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2001-ல் வந்த 7 சீரிஸ், அதாவது நிறுவனத்தின் மிகப் பெரிய செடான், எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதன் டிக்கி மூடி, உடலின் தோள்களோடு இணையாமல், வேறொரு காரிலிருந்து கொண்டுவந்து மேலே வைத்ததுபோல் உயர்ந்து நின்றது. முன்விளக்குகளின் மேல் கண்ணிமை போன்ற வளைவு இருந்தது. பேங்கிளைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று இணையத்தில் கையெழுத்துகூடத் திரட்டினார்கள். அந்தக் காரின் வெளிப்புறத்தை வரைந்தவர் ஏட்ரியன் வான் ஹூய்டொங்க். வசை முழுவதையும் வாங்கிக்கொண்டவர் பேங்கிள். தலைமை என்பதில் இதுவும் அடங்கும்.

அந்தக் கார் முந்தைய தலைமுறை 7 சீரிஸைவிட அதிகமாகவே விற்றது. அதே நேரத்தில், 2005-ல் அதன் முகத்தையும் பின்புறத்தையும் நிறுவனம் மென்மையாக்கியது. 2008-ல் வந்த அடுத்த தலைமுறையில் டிக்கி மூடி பழையபடி உடலோடு ஒன்றிப்போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம் கிடைக்கும்.

பேங்கிளின் நோய்க்கணிப்பு சரி என்பது என் உறுதியான கருத்து. பிஎம்டபிள்யூ கார்கள் ஒரே முகத்தை மூன்று அளவுகளில் வெட்டி வைத்ததுபோல் ஆகிக்கொண்டிருந்தன. அப்படியே போயிருந்தால் அவை உறைந்து போயிருக்கும். குழிந்த பரப்பும் புடைத்த பரப்பும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் அவருடைய முறை 2002-ல் வந்த இரண்டு இருக்கை இசட்4-இல் அழகாகப் பொருந்தியது. அதன் தாக்கம் பிற நிறுவனங்களின் கதவுகளிலும் பின்னர் தெரிந்தது. அவர் தவறியது தொடங்கிய இடத்தில். ஒரு நிறுவனத்தின் மிகப் பெரிய செடானை வாங்குபவர்தான் மாற்றத்தை மிகக் குறைவாக விரும்புபவர். துணிச்சலை அவரிடம் முதலில் காட்டியிருக்கத் தேவையில்லை, இரண்டு இருக்கைக் காரில் தொடங்கியிருக்கலாம். 2009-ல் பேங்கிள் விலகியபோது நிறுவனம் அந்தப் பொறுப்பை வான் ஹூய்டொங்கிடமே கொடுத்தது. வருந்திய நிறுவனம் அப்படிச் செய்திருக்காது.

கேள்வி: புதிய தலைவர்கள் ஏன் முதலில் கிரிலை (முன்முகத்தில் காற்று புகும் சட்டத்தை) பெரிதாக்குகிறார்கள்?

ஏனென்றால் எளிது. கூரையையும் கதவுகளையும் மாற்ற வேண்டுமென்றால் காரையே புதிதாகச் செய்ய வேண்டும். பம்பர், கிரில், விளக்குகள் ஆகியவற்றை ஒரு தலைமுறையின் நடுவிலேயே மாற்றிவிடலாம். பின்னால் வருவது எந்தக் கார் என்று முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்ததும் அறிய வேண்டும் என்ற ஆசையும் நிறுவனங்களுக்கு உண்டு. 2004-ல் ஆடி ஏ6-இல் பம்பருக்கு மேலும் கீழுமாகப் பிரிந்திருந்த கிரில் ஒரே சட்டமாக இணைந்தது. வால்டர் டி சில்வாவின் காலத்தில் நடந்த அந்த மாற்றம் ஆடிக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. அது நல்ல வேலை. 1933-ல் பிஎம்டபிள்யூ 303 காரில் பிறந்த இரட்டைச் சிறுநீரகக் கிரில் 2020-ல் 4 சீரிஸில் முகத்தின் முழு உயரத்துக்கும் நீண்டதை அந்த வரிசையில் என்னால் சேர்க்க இயலவில்லை. அளவு பெரிதானதே தவிர, காரின் மற்ற கோடுகள் எதுவும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

கேள்வி: பெரும் பணம் கொடுத்து வாங்கிய கார் அடுத்த மாடல் வந்ததும் பழசாகிவிடுகிறது. இதை எந்த வடிவமைப்புத் தலைவராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் புரூனோ சாக்கோ. இத்தாலியில் பிறந்து 1975 முதல் 1999 வரை மெர்சிடீஸ் பென்ஸின் வடிவமைப்பை நடத்தியவர். அவர் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார். ஒரே காலத்தில் விற்கும் மெர்சிடீஸ் கார்கள் சிறியதானாலும் பெரியதானாலும் ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. புதிய மாடல் வரும்போது பழைய மாடல் காலாவதியானதாகத் தோன்றக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது விதி கடினமானது, ஏனெனில் புதுமையைக் காட்டி விற்க வேண்டிய துறையில் அது புதுமைக்கே கடிவாளம் போடுகிறது.

அவர் காலத்து மெர்சிடீஸின் பின்விளக்கைப் பாருங்கள். கண்ணாடி தட்டையாக இராது, கிடைமட்டமாக வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். சேறு தெறித்தால் மேடுகளில் படியும். பள்ளங்கள் ஓரளவு சுத்தமாகவே இருந்து ஒளியைக் காட்டும். இது அவருக்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. புதிதாகப் பதவிக்கு வந்தவர் முன்னவரின் அடையாளத்தை அழிக்க நினைத்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும். சாக்கோ அதை 1979-ன் பெரிய எஸ் கிளாஸிலும், 1982-ல் வந்த சிறிய 190-லும், 1984-ல் வந்த நடுத்தரக் காரிலும் தொடர்ந்து வைத்திருந்தார். எதை விட்டுவைப்பது என்று முடிவெடுப்பதும் வடிவமைப்புதான்.

கேள்வி: மின்சாரக் கார்களில் எஞ்சின் இல்லை, ரேடியேட்டருக்குப் பெரிய வாயும் தேவையில்லை. அப்படியானால் தலைவருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்துவிட்டதா?

ஒரு கட்டு அவிழ்ந்து வேறொரு கட்டு விழுந்திருக்கிறது. பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால் தளம் உயர்கிறது. அதனால் காரும் உயர்ந்து பருத்துத் தெரிகிறது. ஒரு முறை மின்னேற்றினால் செல்லும் தூரம் கூட வேண்டுமென்றால் காற்றுத் தடை குறைய வேண்டும். கோர்டன் வாகனரின் தலைமையில் 2021-ல் வந்த மெர்சிடீஸ் ஈக்யூஎஸ் இந்தக் கணக்குக்கு முழுமையாகத் தலைவணங்கியது: முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே வில்லாக வளைந்து, காற்றுத் தடைக் கெழு (தடையைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.20 வரை இறங்கியது. குட்டையான அந்த பானெட்டை உரிமையாளர் திறக்கவே முடியாது. கண்ணாடி கழுவும் நீரை ஊற்ற இடப்பக்கத்தில் தனியாக ஒரு சிறு மூடி உண்டு. பொறியியலாக அது வியப்புக்குரியது. ஆனால் எஸ் கிளாஸின் கம்பீரத்தை அதில் தேடியவர்கள் ஏமாந்தார்கள்.

2022-ல் ரோல்ஸ் ராய்ஸ் காட்டிய ஸ்பெக்டர் எதிர்த்திசையில் நடந்தது. எஞ்சின் இல்லாதபோதும் நீண்ட பானெட்டையும் நிமிர்ந்த கிரிலையும் 23 அங்குலச் சக்கரங்களையும் வைத்துக்கொண்டே கெழுவை 0.25-க்குக் கொண்டுவந்தது. வீணான நீளம் என்று சிலர் குறை சொல்லலாம். சொகுசு என்பதே தேவைக்கு மேற்பட்ட இடம் என்பதால் எனக்கு அது வீணாகப் படவில்லை.

கேள்வி: வடிவமைப்பு படிக்கும் மாணவி நான். ஒரு புதிய தலைவரின் காரை எந்த இடத்தில் பார்த்து மதிப்பிட வேண்டும்?

முகத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்கதவின் தொடக்கம் வரை எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கம்பீரமான கார்களில் அது தாராளமாக இருக்கும். சக்கரங்கள் உடலை நிரப்புகின்றனவா, உடலுக்குள் தொலைந்துபோகின்றனவா என்று பாருங்கள். பிறகு கூரை இறங்கிப் பின்புறத்தில் சேரும் மூலையைப் பாருங்கள்; அந்த இடத்தில் தயக்கம் இருந்தால் எந்த அலங்காரமும் அதை மறைக்காது.

அதன் பின் அவருடைய இரண்டாவது காருக்காகக் காத்திருங்கள், முடிந்தால் அளவில் சிறிய காருக்காக. பெரிய காரில் நீளமும் சக்கரமும் தாமே பாதி வேலையைச் செய்துவிடும். அந்த உதவி இல்லாத சிறிய காரிலும் அதே எண்ணம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் மதிப்பீட்டை எழுதுங்கள்.