60 ஆண்டுகள் கடந்தும் ‘காதலிக்க நேரமில்லை’ ஏன் சலிப்பதில்லை?

கேள்வியோடு ஒரு குறிப்பும் இருக்கிறது: “வீட்டில் பெரியவர்கள் இந்தப் படத்தை எப்போது போட்டாலும் சிரிக்கிறார்கள். நானும் 20 நிமிடம் பார்த்தேன். பாட்டும் காரும்தான் இருந்தன. எதைத் தவறவிட்டேன்?”

பாலையாவைத் தவறவிட்டீர்கள்.

காதல் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தப் படத்தில் காதல் ஊறுகாய், சாப்பாடு வேறு. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனுக்குப் பணம் என்றால் உயிர். அவருக்கு இரண்டு மகள்கள், சினிமா எடுக்கக் கிளம்பிய ஒரு மகன். மூத்தவர்களோ இளையவர்களோ, வீட்டுக்குள் வரும் எல்லோரும் அவரிடம் பொய் சொல்கிறார்கள். ஒருவர் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொருவர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை அவ்வளவுதான். அந்த முதலாளியாக டி. எஸ். பாலையா நடித்திருக்கிறார். 1964இல் வந்த படம் இன்றும் ஓடுவதற்குப் பெரும்பங்கு காரணம் அவர்தான் என்பது என் கட்சி. நாகேஷ் என்று சொல்பவர்கள் உண்டு; அவர்களோடு பின்னால் சண்டை போடுகிறேன்.

நான் முதன்முதலில் பார்த்தது 1985 வாக்கில், சென்னைத் தொலைக்காட்சியின் ஞாயிறு மாலைப் படமாக. தெருவில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எதிர்வீட்டுக் கூடத்தில் பாயில் 30 பேர். நடுவே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை, இடம் போய்விடும். அப்பா இரும்புக் கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்து, கதவோரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் எளிதில் சிரிக்கும் மனிதர் அல்லர். அன்றைக்கு ஓரிடத்தில் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு அப்போது பத்து வயது. வசனத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அப்பா சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

அந்த இடம் இதுதான். எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக்கை விஸ்வநாதன் வேலையைவிட்டுத் துரத்துகிறார். அசோக்காக ரவிச்சந்திரன், அவருக்கு அதுதான் முதல் படம். அவன் முதலாளி வீட்டு எதிரிலேயே கூடாரம் போட்டு, வேலை கேட்டுப் பாட்டுப் பாடிப் போராட்டம் நடத்துகிறான். (படத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவர் பெயரும் விஸ்வநாதன் என்பதால் அந்தப் பாட்டு இரட்டைச் சிரிப்பு.) நடுவில் முதலாளியின் மகள் நிர்மலாவோடு காதல் வந்துவிடுகிறது. பணமில்லாத பையனுக்குப் பெண் கிடைக்காது. ஆகவே தன் நண்பன் வாசுவைக் கோடீஸ்வரத் தகப்பனாக வேடம் போட வைத்து அழைத்து வருகிறான். நேற்றுவரை தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டிய பையன், இந்தப் பெரிய மனிதரின் வாரிசு என்று விஸ்வநாதனுக்குத் தெரியவருகிறது. குரல் குழைகிறது. கேட்கிறார்: “அசோகர் உங்க மகரா?”

இதை எழுத்தில் பார்க்கும்போது ஒன்றும் இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியன் என்பதை ஆசிரியர் என்றும் கவிஞன் என்பதைக் கவிஞர் என்றும் மரியாதையாகச் சொல்கிறோம் அல்லவா? அந்த ‘அர்’ விகுதியை எடுத்து மகன் என்ற சொல்லில் ஒட்டிவிட்டார். தமிழில் ‘மகர்’ என்று யாரும் சொல்வதில்லை. மகனுக்கு மரியாதை கொடுக்க நம் பேச்சில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. பணம் வந்ததும் இலக்கணம் வளைந்துகொடுக்கிறது. போதாக்குறைக்கு அசோக் என்ற பெயரும் அசோகர் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சாலையோரம் மரம் நட்டதாகப் படித்த அதே அசோகர். நேற்றுவரை ‘அவன்’, இன்றைக்குச் சக்கரவர்த்தி. ஒரு மனிதனின் பேராசையை ஒரு விகுதியில் காட்டிவிட்டுப் போகிறது படம். அறிவுரை இல்லை, பின்னணி இசையில் ஓர் இடி இல்லை.

அந்தப் படம் பார்த்த பிறகு கடையில் நான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆணி, தாழ்ப்பாள், கீல், தேர்ச்சங்கிலி விற்கும் கடை. அரைக் கிலோ ஆணிக்கு வரும் கொத்தனாருக்கு ‘என்னப்பா’. வீடு கட்டுபவருக்கு ‘வாங்க’. காண்டிராக்டர் வந்தால் முக்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்கு சோடா சொல்லி அனுப்புவார். ஒருநாள் பனியனில் எண்ணெய்க் கறையோடு ஒருவர் வந்து நின்றார். அப்பா ஏறிட்டும் பார்க்காமல் ‘என்ன வேணும்’ என்றார். புதிதாகக் கட்டும் அரிசி ஆலைக்குத் தகரமும் போல்ட்டும் மொத்தமாக வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த வாக்கியம் முடிவதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ‘வேணும்’ என்று தொடங்கியது ‘வேணுங்க’ ஆகி ‘வேணுங்களா ஐயா’ ஆனதை என் காதால் கேட்டேன். தூணில் சாய்ந்து அன்றைக்கு அப்பா ஏன் அப்படிக் குலுங்கினார் என்பது அப்போதுதான் விளங்கியது. திரையில் இருந்தது அவரேதான்.

விஸ்வநாதனை வில்லன் என்று சொல்லவே முடியாது. பெண்களை அடிப்பதில்லை, காதலர்களைக் கொல்ல ஆள் அனுப்புவதில்லை. அவர் கையில் ஒரு தராசு இருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் அதில் நிறுத்துப் பார்க்கிறார். பெற்ற மகனுக்குப் படமெடுக்கக் காசு தர மறுப்பவர், கோட்டுப் போட்டு வந்த முன்பின் தெரியாதவரை நம்புகிறார். தராசில் கோளாறு இல்லை, எடைக்கல்தான் போலி. போலிக் கல்லை வைத்த இளைஞர்களுக்கும் அவரை ஏமாற்றும் வன்மம் கிடையாது. வேறு வழியில்லை, அவ்வளவே. அதனால் முடிவில் எல்லாம் வெளிப்படும்போது யார் மேலும் நமக்குக் கோபம் வருவதில்லை.

இயக்குநர் ஸ்ரீதரின் முந்தைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை கிடைக்கும். அவர் அழவைப்பதில் கைதேர்ந்தவர். 1959இல் ‘கல்யாண பரிசு’: அக்காவுக்காகத் தன் காதலை மறைக்கும் தங்கை. 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’: மரணப் படுக்கையில் கணவன், வைத்தியம் பார்ப்பவரோ அவன் மனைவியின் பழைய காதலர். அந்தக் கணவனாகத் தியேட்டரையே அழவைத்த முத்துராமன்தான், இரண்டே வருடத்தில் இங்கே பொய்த் தகப்பனாக வந்து நிற்கிறார். இப்படி அழுதுகொண்டே இருக்கிறோமே, ஒரு முழுநீளச் சிரிப்புப் படம் எடுக்கலாமா என்று செங்கற்பட்டுப் பள்ளித் தோழர் சித்ராலயா கோபு மெரினா கடற்கரையில் வைத்துச் சொன்னதிலிருந்து கிளைத்தது இந்தப் படம் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை.

ஆனால் விதை அதற்கு முன்பே இருந்தது என்று நினைக்கிறேன். ‘கல்யாண பரிசு’ படத்தில் தங்கவேலு வேலையே இல்லாமல் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் மேனேஜர் என்று மாமனாரிடம் அளப்பாரே, நினைவிருக்கிறதா? கண்ணீர்க் கதையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பொய், ஐந்து வருடம் கழித்து நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. ஸ்ரீதர் கதைகளில் எப்போதும் யாராவது எதையாவது மறைப்பார்கள். தியாகத்துக்கு மறைத்தால் கைக்குட்டை நனைகிறது, சம்பந்தத்துக்கு மறைத்தால் வயிறு வலிக்கிறது. கருவி ஒன்றேதான்.

இப்போது நாகேஷ். மகன் செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ அதிபர். கையில் காசில்லை, கதை முடிவாகவில்லை, கதாநாயகி கிடைக்கவில்லை. கம்பெனிக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. (இன்றைக்கும் எதையாவது தொடங்கப் போகிறேன் என்று பெயர்ப்பலகையை முதலில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எங்கள் வீட்டில் இந்தப் பெயரைத்தான் சொல்வோம்.) அவர் அப்பாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. காற்று, கதவுச் சத்தம், காலடி எல்லாமே நாகேஷின் வாயிலிருந்து வருகின்றன. அவரைப் போல அந்தக் காட்சியைச் செய்ய இன்னொருவர் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தமுறை ஒரு பரிசோதனை செய்யுங்கள்: நாகேஷைக் காதால் மட்டும் கேளுங்கள், கண்ணைப் பாலையா மேலேயே வைத்திருங்கள். பேய் இருப்பது நாகேஷின் கதையில் இல்லை, பாலையாவின் முகத்தில் இருக்கிறது. சொல்கிறவன் மகன், சொல்வது கட்டுக்கதை, படமாக எடுக்கத் தன்னிடமே காசு கேட்கப் போகிறான் என்று எல்லாம் தெரிந்தும் பயப்படுகிறார் மனிதர். கேட்பவர் இப்படிப் பயப்படாவிட்டால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரி. கதை சொல்கிறவனைவிடக் கேட்கிறவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய காட்சி அது.

ஓர் உபகதை: இந்தப் படத்தை வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அதே 1964இல் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ இயக்கினார். அது நிஜமாகவே பேய்ப் படம். ஒரே வருடத்தில் அந்தப் பக்கம் பேயைக் காட்டியவர், இந்தப் பக்கம் பேயே இல்லாமல் பயத்தைப் பிடித்திருக்கிறார்.

பாலையா 1930களிலேயே திரைக்கு வந்தவர், நெடுங்காலம் வில்லன். ஆனால் நம் நினைவில் நிற்கும் பாத்திரங்களைப் பாருங்கள். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மதுரையையே பாட்டால் மிரட்டும் ஹேமநாத பாகவதர். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர். எல்லாரும் தம் மதிப்பையும் அடுத்தவர் மதிப்பையும் ஓயாமல் அளந்துகொண்டே இருப்பவர்கள். அந்த வரிசையின் உச்சம் எஸ்டேட் முதலாளி.

பாட்டுகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு ஒரு வருடம் முன்பு வந்தது. கண்ணதாசன் எழுதினார். படத்தையே பார்க்காதவர்களுக்கும் நான்கு பாட்டாவது தெரியும். மெரினாவையும் ஆழியாறு அணையையும் அந்த வண்ணத்தில் பார்ப்பதற்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

குறையே இல்லையா? இருக்கிறது. மகள்களாகக் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் துடிப்பாக வருகிறார்கள், வாயாடுகிறார்கள். ஆனால் பொய்களைத் திட்டமிடுவதும் காப்பாற்றுவதும் ஆண்கள். பெண்களுக்கு ஒரு பெரிய பொய்கூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ‘ஓஹோ’வின் கதாநாயகியாகிவிடும் மேனேஜர் மகளாக வரும் சச்சு மட்டும் கிடைத்த இடத்தில் புகுந்து விளையாடியிருக்கிறார். சில துரத்தல் காட்சிகளை இன்றைய கண்ணால் பார்க்கும்போது நெளிய வேண்டியிருக்கிறது. நீங்கள் முதல் 20 நிமிடத்தில் நிறுத்தியதில் நியாயமில்லாமல் இல்லை.

படம் 1965இல் தெலுங்குக்கும் 1966இல் ஸ்ரீதர் கையாலேயே இந்திக்கும் போனது. இந்தியில் நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். பேய்க்கதைக்கு மொழி வேண்டாம், அது எங்கும் செல்லும். ‘மகர்’ மட்டும் ஊரைவிட்டு நகராது.

என் யோசனை: செல்போனில் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பார்க்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். திரையைப் பாதி, அவர்களைப் பாதி பாருங்கள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பது அவர்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

என் அக்காவுக்கு வரன் வந்தபோது நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தரகர் முதலில் வந்து சொன்னபோது அப்பாவுக்கு மாப்பிள்ளை ‘அந்தப் பையன்’. பாங்கியில் நிரந்தர வேலை என்று தெரிந்ததும் ‘தம்பி’. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, ஊரில் அவர்களுக்கு எட்டு வேலி நஞ்சை இருக்கிறது என்று பேச்சுவாக்கில் வெளிவந்தது. உடனே அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “அவர் அங்கேதான் படித்தாரா? அவருக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா?” என்று ‘அவர்’ மேல் ‘அவர்’ போட்டுக் கேட்கத் தொடங்கினார். அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, கூடத்துக்குக் கேட்கும்படியாகவே குரல் கொடுத்தாள்: “அசோகருக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று கேளுங்கள்!”

யார் அந்த அசோகர் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களைப் பார்த்தார். அப்பா தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.