4 ஜிபி லேப்டாப்பில் வெரிலாக்: செலவில்லாமல் எது ஓடும்?

வெரிலாக் என்பது டிஜிட்டல் சுற்றுகளை எழுதும் மொழி. எழுதியதைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க (சிமுலேஷன்) இகாரஸ் வெரிலாக் போடுங்கள், சிக்னல்களின் அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ். இரண்டும் இலவசம். 4 ஜிபி ராமில் கல்லூரிப் பயிற்சிகள் தாராளமாக ஓடும். பாடம் விஎச்டிஎல் (இதே வகை இன்னொரு மொழி) என்றால் இகாரஸுக்குப் பதில் ஜிஎச்டிஎல்.

சைலின்க்ஸ் சிப்களுக்கான பெரிய மென்பொருளான விவாடோ, நிறுவும்போது பாதியில் நிற்கிறதா? பெரும்பாலும் டிஸ்க்கில் இடம் போதாததுதான். அது பல பத்து ஜிபி விழுங்கும். இதற்காக சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஓடி ராம் வாங்க வேண்டாம். 'கிராக்' (திருட்டு) காப்பிக்குக் காசு கொடுப்பது அதைவிட வீண், விவாடோவிலேயே இலவசப் பதிப்பு உண்டு.

முதலில் சின்னதாக ஒரு கவுன்ட்டரை (எண்ணும் சுற்று) இகாரஸில் ஓட்டிப் பாருங்கள். ஜிடிகேவேவில் திறக்க ஃபைலே உருவாகவில்லையா? டெஸ்ட்பெஞ்சில் (சுற்றைச் சோதிக்க எழுதும் கோடு) டம்ப்ஃபைல், டம்ப்வார்ஸ் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள்.

ஒன்று, இகாரஸ் சிமுலேஷனுக்குத்தான். சைலின்க்ஸ் எஃப்பிஜிஏ (நாம் எழுதும் சுற்றாக மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) போர்டில் ஏற்றுவதென்றால் கல்லூரி லேப் கணினியில் விவாடோவைப் பிடியுங்கள்.