கொலைகாரனின் போன் – கடிதம்

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கல்லூரி நண்பர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று அரசு கேட்டால் கம்பெனி சொல்லியாக வேண்டும் என்ற விதி சரியா என்று போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. சரி என்றேன் நான். பேச்சு அப்படியே அமெரிக்காவுக்குப் போய், 14 பேரைச் சுட்டுக் கொன்றவனின் ஐபோனைத் திறக்க ஆப்பிள் மறுத்த கதைக்கு வந்தது. நீதிமன்றம் சொல்லியும் மறுப்பது பணத்திமிர் என்று எழுதினேன். அவ்வளவுதான். "ஆளுங்கட்சிக்கு ஜால்ரா அடிக்கிறாய்" என்றார் ஒரு நண்பர். பதிலுக்கு நான் அவரை தேசத்துரோகி என்று சொல்லிவிட்டேன். இப்போது இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? கொலைகாரனின் போனுக்கு ஏன் இவ்வளவு காவல்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐபோன் வாங்குங்கள், அதுதான் பாதுகாப்பு என்கிறான் என் மகன். வாங்கலாமா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகர், கரூர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2015 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில், மாவட்டச் சுகாதாரத் துறை ஊழியர்கள் கூடியிருந்த அரங்கில், அதே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவனும் அவன் மனைவியும் புகுந்து சுட்டார்கள். 14 பேர் இறந்தார்கள், 22 பேருக்குக் காயம். கொன்ற இருவரும் அன்றே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பின்னால் வேறு யாரும் இருந்தார்களா என்று தெரிந்துகொள்ள இறந்தவர்களின் குடும்பத்துக்கு எல்லா உரிமையும் உண்டு. இதை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை.

ஆனால் நீதிமன்றம் ஆப்பிளிடம் என்ன செய்யச் சொன்னது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னார்களா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் பக்கம் எடுக்க முடியாது.

இருவரும் தங்கள் சொந்த போன்களை முன்பே நொறுக்கிவிட்டார்கள். கிடைத்தது அவனுக்கு அலுவலகம் கொடுத்திருந்த ஐபோன் 5சி. நான்கு இலக்கக் கடவு எண். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள்தான். ஓர் எண்ணைச் சரிபார்க்க போனுக்கு ஆகும் நேரம் சுமார் 80 மில்லி வினாடி. கணினியை இணைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் 800 வினாடி, அதாவது பதிமூன்று நிமிடச் சொச்சத்தில் எல்லா எண்களும் தீர்ந்துவிடும். இதைத் தடுக்கத்தான் போனுக்குள் வேறு இரண்டு ஏற்பாடுகள். ஐந்தாவது முறை தப்பானால் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆறாவதுக்கு ஐந்து நிமிடம், ஒன்பதாவதுக்கு ஒரு மணி நேரம். பத்தாவதும் தப்பானால் உள்ளே இருப்பதை அழித்துவிடும்படி அமைத்து வைக்கவும் முடியும்.

இந்தக் காவல்கள் இல்லாத ஒரு புதிய மென்பொருளை எழுதி, இது ஆப்பிளுடையதுதான் என்று போன் நம்பும்படி தன் டிஜிட்டல் கையெழுத்தையும் போட்டுக் கொடுக்கும்படி 2016 பிப்ரவரி 16 அன்று ஆப்பிளுக்கு உத்தரவு வந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ கேட்டது இதைத்தான். உத்தரவுக்கு ஆதாரமாகக் காட்டிய சட்டம் 1789-இல் இயற்றப்பட்டது. 'ஒரே ஒரு போனுக்கு மட்டும்தான்' என்றார்கள். அதே மாதத்தில் நியூயார்க் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் தன் அலுவலகத்திலும் திறக்க முடியாத ஐபோன்கள் 175 கிடக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் உங்கள் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வாடிக்கையாளரின் லாக்கரைத் திறக்க அவர் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். அவர் சாவிக்கு வங்கியிடம் டூப்ளிகேட் கிடையாது. அவர் சாவியைத் தொலைத்துவிட்டாலோ, கோர்ட் உத்தரவோடு அதிகாரிகள் வந்தாலோ என்ன செய்வீர்கள்? லாக்கர் கம்பெனியிலிருந்து ஆள் வருவார். சாட்சிகளை நிறுத்தி, அந்த ஒரு லாக்கரை மட்டும் உடைப்பார்கள். உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். செலவு பிடிக்கும், நேரம் பிடிக்கும். பக்கத்து லாக்கருக்கு ஒன்றும் ஆகாது. 'நாளைக்கு எவனாவது திருட்டு நகையை வைத்துவிடுவான், அதனால் நாடு முழுக்க இருக்கிற எல்லா லாக்கருக்கும் பொருந்துகிற ஒரே சாவியைச் செய்து கொடுங்கள்' என்று ஓர் அதிகாரி கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா? நேர்மையான அதிகாரியாகவே இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்ட்ராங் ரூம் சாவியை மேனேஜரும் ஹெட் கேஷியரும் சேர்ந்து காப்பதில்லையா, அதுபோல இதையும் காக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கரூர் கிளையின் சாவி திருடனுக்குக் கிடைத்தாலும் அவன் கரூருக்கு வந்தாக வேண்டும். வாட்ச்மேனைத் தாண்ட வேண்டும். ஒரு கிளையில் இருப்பதை மட்டும்தான் அள்ள முடியும். மென்பொருள் சாவியை நகலெடுத்தால் நகலெடுத்த சுவடே இருக்காது. அது பொருந்தும் பூட்டுகளோ கோடிக்கணக்கில்.

அப்படி நடந்த ஒரு சம்பவம் கிரேக்கத்தில் உண்டு. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து மறக்கவில்லை.

காவல்துறை கோர்ட் உத்தரவோடு வந்தால் ஒட்டுக்கேட்க வசதி செய்து கொடுப்பதற்கென்றே தொலைபேசி இணைப்பகங்களில் ஒரு மென்பொருள் இருக்கும். யாராவது பேசும்போது அவர் குரலின் இன்னொரு பிரதி தனியாகப் பிரிந்து போலீசுக்குப் போகும். கிரேக்கத்தில் வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகங்களை எரிக்சன் செய்து கொடுத்திருந்தது. இந்த ஒட்டுக்கேட்பு வசதியும் அதோடு சேர்ந்தே உள்ளே வந்துவிட்டது. ஆனால் அதை முறைப்படி இயக்குவதற்கும், யார் யாரைக் கேட்கிறார்கள் என்று பதிவு வைப்பதற்கும் தேவையான மேலாண்மைப் பகுதியை வோடஃபோன் அப்போது வாங்கியிருக்கவில்லை. கதவு இருந்தது, வருகைப் பதிவேடு இல்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் நடந்த சமயத்தில் யாரோ அந்தக் கதவு வழியாக உள்ளே போய்விட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸின் போன், அமைச்சர்கள் சிலரின் போன்கள், ஏதென்ஸ் மேயரின் போன். பேச்சின் பிரதி ப்ரீபெய்டு எண்கள் கொண்ட பதினான்கு போன்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2005 ஜனவரியில் சில எஸ்.எம்.எஸ்-கள் போய்ச் சேரவில்லை என்ற புகாரைத் துருவப்போய்த்தான் அந்தக் கள்ள மென்பொருள் அகப்பட்டது. மார்ச் 8 அன்று அதை நீக்கினார்கள். கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அடுத்த நாள், வோடஃபோனில் நெட்வொர்க் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் தன் வீட்டில் தூக்கில் பிணமாகக் கிடந்தார். மக்களுக்கு விஷயம் தெரிந்தது 2006 பிப்ரவரியில்தான்.

நல்ல காரியத்துக்காக, சட்டத்துக்கு உட்பட்டு, போலீசுக்காகச் செய்த வசதி இது. அதன் வழியாகத்தான் அந்த நாட்டின் பிரதமரையே ஒட்டுக்கேட்டார்கள். அவரிடம் ஒளிக்க ஏதாவது இருந்ததா என்று நாம் கேட்போமா?

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சீனாவோடு தொடர்புடைய 'சால்ட் டைஃபூன்' என்ற குழு அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்திருப்பது 2024-இல் வெளிவந்தது. போலீஸ் ஒட்டுக்கேட்புக்காக 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கப்பட்ட அமைப்புகளையும் அது தொட்டிருந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அதிகாரிகள் தங்கள் மக்களுக்கே சொன்ன யோசனை, முழு மறையாக்கம் உள்ள, அதாவது பேசுகிற இருவரைத் தவிர நடுவில் யாரும் படிக்கவோ கேட்கவோ முடியாத செயலிகளில் பேசுங்கள் என்பது.

சரி, சான் பெர்னார்டினோ போன் என்னவாயிற்று? மார்ச் 22 விசாரணைக்கு முந்தைய நாள், வெளியாள் ஒருவர் மூலம் வழி கிடைத்திருக்கிறது என்று அரசு சொன்னது. 28-ஆம் தேதி வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு லாக்கரை உடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை வந்தது. எஃப்.பி.ஐ-யின் ஒரு பிரிவுக்குத் தெரிந்த அந்த வெளியாள் வேலையில் 90 சதவீதத்தை முடித்திருந்தார், வழக்கு நடத்திய பிரிவோ அவரை முன்கூட்டியே கேட்கவில்லை என்கிறது அது. இன்னொரு பிழை, போனில் இருப்பதன் பிரதி போய்ச் சேரும் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடின் கடவுச்சொல்லை அவசரத்தில் மாற்றிவிட்டார்கள். அதனால் போன் தானாகப் பிரதி எடுத்து அனுப்பும் வழியும் அடைபட்டது.

பூட்டு கெட்டியாக இருப்பதால் சில வழக்குகள் துலங்காமலே போகும். மன்ஹாட்டனின் 175 போன்களில் சிலவற்றுக்குள் ஏதாவது ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய நீதி இருந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பொதுச் சாவி கூடாது என்றே சொல்வேன்.

உங்கள் குழு ஆரம்பித்த விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அனுப்பியவரைச் சொல்ல வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரியில் வந்தது. ஆனால் இதன் விதை சென்னையில் விழுந்தது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கேட்டு 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட மனுக்கள் கடைசியில் வாட்ஸ்அப் பற்றிய விவாதமாக மாறின. அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடி-யின் பேராசிரியர் காமகோடி. அதை மறுத்து எழுதினார் மும்பை ஐஐடி-யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். எனக்கு மறுப்பின் பக்கம்தான் மனம் போகிறது. எந்தச் செய்தி நாளை வழக்காகும் என்று இன்று தெரியாது. ஆகவே எல்லாருடைய எல்லாச் செய்திக்கும் அடையாளம் குத்த வேண்டிவரும், நீங்கள் பேத்திக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் சேர்த்துத்தான். அப்படியே குத்தினாலும், ஃபேஸ்புக்கில் வந்த வதந்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட அப்பாவிதான் 'முதலில் அனுப்பியவர்' என்று மாட்டுவார். உருவாக்கியவன் வெளியே இருப்பான். மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் சேவை நடத்த முடியாது என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் தரப்பு சொன்னது இந்த விதி பற்றித்தான்.

ஒளிக்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். என் அம்மாவின் போனைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தோம். கடைக்காரர் பின் நம்பரைக் கேட்டு, வெள்ளை டேப்பில் எழுதி, போனின் முதுகில் ஒட்டினார். திரும்ப வாங்கப் போனபோது பார்த்தேன், தட்டில் பத்துப் பன்னிரண்டு போன்கள், எல்லாம் குப்புற. ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் எண். டீ கொண்டுவந்த பையன் தட்டை நகர்த்திவிட்டு கிளாஸை வைத்தான். அம்மாவின் போனில் குற்றம் எதுவும் இல்லை. அவருடைய புற்றுநோய்ப் பரிசோதனை முடிவுகள் இருந்தன, சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட முடிவுகள். அவருடைய பென்ஷன் கணக்குக்கு வரும் ஓடிபி-யும் அதில்தான் வந்து விழும்.

ஐபோன் கேள்விக்குச் சுருக்கமான பதில். கட்சி மாதிரி இதிலும் அணி சேர்ந்துகொள்கிறார்கள். அந்த வழக்கின்போது டொனால்ட் டிரம்ப், ஆப்பிள் தகவல் கொடுக்கும்வரை இனி சாம்சங் மட்டும்தான் பயன்படுத்துவேன் என்று ட்வீட் போட்டார். எந்த போனும் முழுப் பாதுகாப்பு இல்லை. உரிமையாளர் எதையும் தொடாமலே ஐபோனுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்தது 2021-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இருக்கிற போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றே போடுங்கள், நின்றுவிட்டால் போனை மாற்றுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் பின் நம்பர் நான்கு இலக்கமாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். 80 மில்லி வினாடிக் கணக்கில் ஆறு இலக்க எண் 22 மணி நேரத்தில் தீரும். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு எழுத்துக் கடவுச்சொல்லை முழுக்கத் தேட ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும்.

கடைசியாக உங்கள் நண்பர். 2010-இல் பிளாக்பெர்ரி என்ற போன்களில் மறையாக்கத்தோடு போகும் செய்திகளைப் பார்க்க வழி செய்யாவிட்டால் ஆகஸ்ட் 31-க்குப் பிறகு அந்தச் சேவை நிறுத்தப்படும் என்று எச்சரித்தது இந்திய அரசு. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி, உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம். மும்பைத் தாக்குதலின் ரணம் ஆறாத நேரம். அன்று யார் எந்தப் பக்கம் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடமும் கேளுங்கள். குழுவில் எழுத வேண்டாம். இன்று சாயங்காலம் போன் போட்டு, முதலில் அந்த 'தேசத்துரோகி'க்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.