ஹார்ட்கோர் பங்க் என்றாலே வேகம்தானே? பிளாக் ஃபிளாக் குழுவின் ‘மை வார்’ ஆல்பத்தில் பின்பாதி மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக, கனமாக இருக்கிறது?

நீங்கள் கேட்டிருக்கும் அந்தப் பின்பாதிக்காகத்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு பிடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட்கோர் என்பது பங்க் ராக்கின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம். 1981-ல் பிளாக் ஃபிளாக் போட்ட ‘டேமேஜ்டு’ கலிஃபோர்னியா ஹார்ட்கோரின் அடையாளமாகிவிட்ட ஆல்பம். 15 பாட்டு, எல்லாம் சேர்த்தே சுமார் 35 நிமிடம். அப்புறம் யூனிகார்ன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு வழக்கு. பிளாக் ஃபிளாக் என்ற பெயரில் புதிதாக எதையும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தடை வந்தது. 1983-ல் யூனிகார்ன் திவாலான பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அதற்குள் பாட்டுகள் குவிந்துவிட்டன, ஆட்களும் மாறிவிட்டார்கள். கிடாரிஸ்ட் கிரெக் ஜின், பாடகர் ஹென்றி ராலின்ஸ், டிரம்ஸுக்கு பில் ஸ்டீவன்சன், இவ்வளவு பேர்தான் மிச்சம். பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாததால் அதையும் ஜின்னே வாசித்து, உறையில் டேல் நிக்ஸன் என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டார். விலகிப் போன பழைய பேஸ் கலைஞர் சக் டுகோவ்ஸ்கி எழுதிய ‘மை வார்’ பாட்டுதான் ஆல்பத்தின் தலைப்பாகவே இருக்கிறது. 1984 மார்ச்சில் எஸ்.எஸ்.டி. என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது.

முதல் பக்கத்தில் ஆறு பாட்டு. ஓரளவு பழைய பிளாக் ஃபிளாக்தான், கிடார் மட்டும் கூடுதலாகக் கோணலாகிவிட்டது. தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டு: ‘நத்திங் லெஃப்ட் இன்சைடு’, ‘த்ரீ நைட்ஸ்’, ‘ஸ்க்ரீம்’. ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல்.

இதில் ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத்தின் சாயல் நன்றாகவே கேட்கும். ஆனால் சப்பாத் மெதுவாக வாசிக்கும்போது அதில் ஒரு ஆட்டம் இருக்கும், தலை தானாக அசையும். இங்கே அந்தச் சுகம் கிடையாது. ஸ்டீவன்சனின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விழும் இடைவெளியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அந்த இடத்தில் ஜின்னின் கிடார் சுருதியை விட்டு வழுக்கிக்கொண்டு போகும். வேகமான பாட்டில் கோபம் ஒன்றரை நிமிடத்தில் வெடித்துத் தீர்ந்துவிடும், கேட்கிறவருக்கும் பாரம் இறங்கிவிடும். இங்கே அது இறங்குவதே இல்லை. மழை வராமல் புழுங்கிக்கொண்டே இருக்கிற சாயங்காலம் மாதிரி இருக்கும். ‘ஸ்க்ரீம்’ பாட்டில் ராலின்ஸ் வார்த்தைகள் போதாமல் வெறும் அலறலுக்கே போய்விடுகிறார். அந்த அலறல் நடிப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆகவே இவர்கள் ஹார்ட்கோரை விட்டு மெட்டல் பக்கம் ஓடிவிட்டார்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோபம் அதேதான், அது தப்பிக்கிற வழியைத்தான் அடைத்துவிட்டார்கள். அன்றைய ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. மொட்டைத் தலையோடு மேடையேறிய ராலின்ஸ் முடி வளர்த்துக்கொண்டதுகூட அப்போது சிலருக்குத் துரோகமாகப் பட்டது. குழு அசரவில்லை; அதே வருடத்தில் இன்னும் இரண்டு ஸ்டுடியோ ஆல்பம் போட்டார்கள்.

பலன் வேறு ஊரில் விளைந்தது. வாஷிங்டன் மாநிலத்து மெல்வின்ஸ் குழுவினர் இந்த இரண்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் தங்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஸ்லட்ஜ் மெட்டல் என்று இன்று சொல்கிற மெதுவான, கனமான இசைக்கு வேர் இங்கேதான். நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது ‘மை வார்’ அதில் இருந்தது.

முதல் தடவை கேட்கும்போது இரண்டாம் பக்கத்தை மட்டும் தனியாகப் போடாதீர்கள். முதல் ஆறு பாட்டின் வேகம் உடம்பில் ஏறியிருந்தால்தான் அந்தத் திடீர் பாரம் உறைக்கும். அது பிடித்துவிட்டால் அடுத்து மெல்வின்ஸின் 1987 ஆல்பம் ‘க்ளூயி போர்ச் ட்ரீட்மென்ட்ஸ்’ கேளுங்கள்.